டார்கெட் சுடுபவருக்கு எந்தக் கண்புரை லென்ஸ்? வகைவாரியாக ஒரு மதிப்பீடு

கண்புரை ஆபரேஷனுக்குப் போகிறவரிடம் ஆஸ்பத்திரி கவுன்சிலர் முதலில் கேட்பது, “கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கணுமா?” என்பதுதான். ஏர் பிஸ்டல், ஏர் ரைஃபிள் சுடுகிறவருக்கு அந்தக் கேள்வி உதவாது. அவருக்கு வேண்டியது பேப்பர் தூரமும் இல்லை, டிவி தூரமும் இல்லை. கண்ணிலிருந்து ஃப்ரன்ட் சைட் (குழல் முனையில் உள்ள குறிபார்க்கும் உறுப்பு) வரை, அதாவது பிஸ்டலில் சுமார் 90 செ.மீ., ரைஃபிளில் ஏறக்குறைய 1 மீட்டர். இந்தத் தூரத்தை டாக்டரிடம் சொல்லாமல் லென்ஸ் தேர்வு செய்யக்கூடாது.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: சுடும் கண்ணுக்கு, அதாவது குறிபார்க்கும் கண்ணுக்கு, ஆஸ்ஃபெரிக் (ஓரத்தை நோக்கித் தட்டையாகும்) மோனோஃபோக்கல் (ஒரே தூரத்துக்குக் குவியும்) லென்ஸ், தூரப் பார்வைக்குக் கணக்கிட்டு வைப்பது, சிலிண்டர் (கருவிழி வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றாக இல்லாததால் வரும் நம்பர்) இருந்தால் அதைத் திருத்தும் டோரிக் வடிவில் அதே லென்ஸ், மீதியை ஷூட்டிங் கண்ணாடி பார்த்துக்கொள்ளும். ஒரு பிரபல இறக்குமதி லென்ஸ்தான் வேண்டும் என்பதில்லை. மதுரை ஆரோலேப் 1992-லிருந்து செய்துவரும் லென்ஸ்களே உலகெங்கும் போகின்றன. பெயரைவிட வகையும் அளவும் முக்கியம்.

ஃப்ரன்ட் சைட் கூர்மையாகத் தெரிவது ஏன் இவ்வளவு முக்கியம்? ஏர் பிஸ்டலில் இரண்டு சைட்டுக்கும் நடுவே சுமார் 36 செ.மீ. இருக்கிறது என்று வையுங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் உள்ள ரியர் சைட்டின் பள்ளத்துக்குள் ஃப்ரன்ட் சைட் 1 மி.மீ. ஒதுங்கினால், 10 மீட்டரில் குண்டு ஏறக்குறைய 28 மி.மீ. விலகிவிடும். கை மொத்தமாக 1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தாலோ குண்டும் 1 மி.மீ.தான் நகரும். பத்து வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ. அகலம். ஆகவே முதல் தவறு பத்தை ஏழாக்கும். இரண்டாவது தவறு பத்திலேயே நிற்கும். டார்கெட் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை, சைட் மங்கக்கூடாது.

பல தூரங்களுக்குக் குவியும் மல்டிஃபோக்கல், டிரைஃபோக்கல் லென்ஸ்கள் இங்கேதான் தோற்கின்றன. பான்ஆப்டிக்ஸ் மாதிரியான டிரைஃபோக்கல், உள்ளே வரும் வெளிச்சத்தைத் தூரம், நடு, கிட்டம் என்று பங்கு போடுகிறது. அதன் நடுத்தூரம் 60 செ.மீ., கிட்டம் 40 செ.மீ. பிஸ்டலின் ஃப்ரன்ட் சைட் 60 செ.மீட்டருக்கும் தூரப் பார்வைக்கும் இடையே விழுகிறது. ஃப்ரன்ட் சைட்டின் கறுப்பு பிளேடுக்கும் ரியர் சைட் பள்ளத்துக்கும் நடுவே இரு பக்கமும் தெரியவேண்டிய இரண்டு வெள்ளைக் கோடுகளைக் கவனியுங்கள். நல்ல மோனோஃபோக்கலில் அவை காகித வெள்ளையாக நிற்கும். மல்டிஃபோக்கலில் மற்றக் குவியங்களின் மங்கல் அவற்றின்மேல் படர்ந்து சாம்பல் பூசினாற்போல் ஆகும். பிளேடின் மேல் விளிம்பில் லேசான நிழல் ஏறும். வீட்டு வேலைக்கு அது பெரிய குறை இல்லை. இரண்டு வெள்ளைக் கோடும் சமமா என்று அறுபது முறை பார்த்துச் சுடுகிறவருக்கு அது பெரிய குறை.

விவிட்டி போன்ற ஈடாஃப் (குவிய ஆழத்தை நீட்டும்) வகை லென்ஸ் இதைவிட மேல். வெளிச்சத்தைத் தனித்தனியாகப் பிரிக்காமல் குவியத்தை நீட்டுகிறது. அதற்கு விலையாகக் கான்ட்ராஸ்டில் சிறிது போகும். ஆனால் அதன் வேலை முழுவதும் நடுவே உள்ள 2.2 மி.மீ. வட்டத்தில் நடக்கிறது. ரைஃபிள் சுடுபவர் ரியர் சைட்டில் 1.1 அல்லது 1.2 மி.மீ. துளை வழியாகத்தான் பார்க்கிறார். அந்தத் துளையே ஃபோகஸ் ஆழத்தை நீட்டித் தந்துவிடுவதால், ரைஃபிளுக்கு ஈடாஃபுக்குப் பணம் கொடுப்பதில் லாபம் குறைவு. டெக்னிஸ் ஐஹான்ஸ் என்ற லென்ஸ் மோனோஃபோக்கலுக்கு நெருங்கிய உறவு. நடுவில் பவர் சற்றுக் கூடுதல். பிஸ்டல் சுடுகிற, அதே கண்ணால் கம்ப்யூட்டரும் பார்க்கிற ஒருவருக்கு அதை நாங்கள் மறுக்கமாட்டோம். ஐசி-8 என்ற துளை லென்ஸின் நடுத் துளையே 1.36 மி.மீ.தான். அதற்கு முன்னால் இன்னொரு சிறு துளை வைத்தால் இரண்டும் நேர்கோட்டில் நிற்காத கணமெல்லாம் படம் இருண்டுவிடும். ரைஃபிள்காரர்கள் தவிர்ப்பது நல்லது.

“அப்படியானால் சுடும் கண்ணையே மைனஸ் 0.75-க்கு, அதாவது லேசான கிட்டப்பார்வைக்கு, வைத்துவிட்டால் ஃப்ரன்ட் சைட் நேராகத் தெரியுமே?” என்று பலர் கேட்கிறார்கள். கணக்கு சரிதான். பிஸ்டல் சைட் 90 செ.மீ. என்றால் 1.1 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு; 1-ஐ மீட்டர் தூரத்தால் வகுத்தால் வருவது), 10 மீட்டர் டார்கெட் 0.1 டயாப்டர், நடுப்புள்ளி 0.6. சைட் பக்கம் கொஞ்சம் சாய்த்தால் 0.75. ரைஃபிளில் துளை உதவுவதால் 0.50 போதும். சிக்கல் என்னவென்றால் லென்ஸ் பவர் பொதுவாக அரை டயாப்டர் படிகளில்தான் வருகிறது. கண்ணாடி நம்பராகச் சொன்னால் அது சுமார் 0.35. பயோமெட்ரி (ஆபரேஷனுக்கு முன் கண்ணை அளப்பது) எவ்வளவு நன்றாக எடுத்தாலும் முடிவு கால் டயாப்டர், சில சமயம் அரை டயாப்டர் தள்ளிப் போவது சாதாரணம். 0.75 கேட்டு 1.25 வந்தால் டார்கெட் வெறும் சாம்பல் பந்து. கண்ணாடி இல்லாமல் வண்டி ஓட்டுவதும் சிரமம். தூரத்துக்கு வைத்துக்கொண்டு, மிச்ச நம்பரைக் கால் டயாப்டர் படிகளில் கண்ணாடியில் திருத்துவது எவ்வளவோ பத்திரம். ரேஞ்சில் பாதுகாப்புக்கு எப்படியும் கண்ணாடி போடத்தான் வேண்டும். போட்டி விதியும் பிஸ்டல்மேல் லென்ஸ் பொருத்த விடாது, கண்ணாடியில் அணிய விடும்.

டோரிக் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். சிலிண்டரைக் கண்ணாடியிலேயே திருத்தலாம் என்பது அன்றாடத்துக்குச் சரி. ரைஃபிள் சுடும்போதோ தலை ஸ்டாக்கில் (துப்பாக்கியின் பின்கட்டையில்) சாய்கிறது, படுத்துச் சுடும்போது கண் கண்ணாடியின் மேல் ஓரம் வழியாகப் பார்க்கிறது. சாய்வாகப் பார்க்கும் லென்ஸே புதிதாக ஒரு சிலிண்டரை உண்டாக்கும். கண்ணுக்குள் இருக்கும் டோரிக் கண்ணோடு சேர்ந்தே திரும்புவதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது சரியான அச்சில் உட்காரவேண்டும். 1 டிகிரி சுழன்றால் திருத்தத்தில் சுமார் 3.3 சதவீதம் போகும், 10 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு, 30 டிகிரியில் பலனே இல்லை. ஆபரேஷனுக்கு அடுத்த சில நாள்களில் பார்வை திடீரென மாறினால் ‘பழகிவிடும்’ என்று காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். லென்ஸ் ஒட்டிக்கொள்வதற்கு முன் திருப்பி வைப்பது சுலபம்.

அளவெடுக்கப் போகும்முன் செய்ய வேண்டியவை. சுடும் நிலையில் நின்று, கண் ஓரத்திலிருந்து ஃப்ரன்ட் சைட் வரை இன்னொருவரை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். துப்பாக்கியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டாம். அதே தூரத்துக்கு ஒரு குச்சியில் 4 மி.மீ. அகலக் கறுப்பு அட்டைத் துண்டை ஒட்டிக்கொண்டு போனால் போதும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் டாக்டர் சொல்லும் நாள்கள் முன்பே நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் கருவிழி அளவு பிசகும். இரண்டு கண்ணிலும் புரை என்றால் சுடாத கண்ணை முதலில் செய்துகொள்ளுங்கள். அந்தக் கண்ணில் முடிவு எவ்வளவு விலகியது என்பதை வைத்து, சுடும் கண்ணின் பவரை டாக்டர் திருத்திக்கொள்ள முடியும்.

ஷூட்டிங் கண்ணாடிக்கு அவசரப்பட வேண்டாம். சிறு கீறலில் செய்யும் ஃபேக்கோ ஆபரேஷனுக்குப் பின் நம்பர் நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதைவிடப் பெரிய கீறல் போட்ட எஸ்ஐசிஎஸ் முறை என்றால் இன்னும் தள்ளும். பிறகு அந்த அட்டைத் துண்டை அதே தூரத்தில் பிடிக்கச் சொல்லி, ட்ரையல் ஃப்ரேமில் (லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் சோதனைக் கண்ணாடியில்) தூர நம்பருக்கு மேல் பிளஸ் 0.50, 0.75, 1.00 என்று வரிசையாகப் போட்டுப் பாருங்கள். அட்டையின் விளிம்பு கூர்மையாகும் நம்பர்களில் மிகக் குறைந்ததே உங்கள் நம்பர். சிலிண்டர் மிச்சம் இருந்தால் வட்ட லென்ஸ் ஹோல்டரில் அச்சுக்கு ஒரு கோடு கீறச் சொல்லுங்கள். துடைக்கும்போது லென்ஸ் சுழன்றுவிட்டால் அந்தக் கோடுதான் காப்பாற்றும்.

மாதங்கள் கழித்து, நம்பர் மாறாமலே ஃப்ரன்ட் சைட்டைச் சுற்றி மெல்லிய பனி படர்ந்தால், லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு மங்கியிருக்கக்கூடும். யாக் லேசரால் அந்தச் சவ்வைத் திறந்துவிடுவது சில நிமிட வேலை. ஒரே எச்சரிக்கை: மல்டிஃபோக்கல் வைத்துக்கொண்டு, அது பிடிக்காமல் மாற்றலாமா என்று யோசிப்பவர், மாற்றுவதா இல்லையா என்று முடிவெடுக்கும்வரை யாக் செய்துகொள்ளக் கூடாது. பின்சவ்வு திறந்துவிட்டபின் லென்ஸை எடுத்து மாற்றுவது மிகவும் கடினம்.