வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்: மதுரையில் என் அப்பாவுக்கு நடந்தது

நாளையோ நாளை மறுநாளோ வீட்டில் யாருக்காவது அறுவை சிகிச்சை என்றால், வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு இதைப் படியுங்கள். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். ஒரு ரூபாய் வவுச்சரைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். அப்படிப்பட்ட நானே என் அப்பா விஷயத்தில் ஏமாந்தேன்.

அப்பாவுக்கு 63 வயது. உசிலம்பட்டிப் பக்கம் முக்கால் ஏக்கரில் மல்லிகை போட்டிருக்கிறார். விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கப் போகிறவர். 2024 ஐப்பசியில் வலது விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி. ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் கல் என்று தெரிந்தது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். வழக்கு நடப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. "சின்னத் துளை போட்டு எடுத்துவிடலாம், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம், எல்லாம் சேர்த்து 65,000 ரூபாய்" என்றார்கள்.

அறுவைக்கு முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு செவிலியர் அட்டையில் செருகிய காகிதக் கட்டோடு வந்தார். எல்லாம் ஆங்கிலம். என்ன அறுவை, என்ன ஆபத்து, யார் விளக்கினார், எத்தனை மணிக்கு என்று கேட்கும் கோடுகள் அத்தனையும் காலி. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. அப்பா அறிவொளி இயக்கத்தில் எழுதப் படித்தவர். ஒவ்வோர் எழுத்தாகத்தான் போடுவார். "ஐயா, கொஞ்சம் சீக்கிரம், கீழே இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்" என்றார் அந்தப் பெண். "இதில் என்னம்மா எழுதியிருக்கிறது?" என்று நான் கேட்டேன். "எல்லோருக்கும் இதுதான் அக்கா, வழக்கமான ஃபாரம்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அந்தப் பெண்மீது எனக்குக் கோபமில்லை. அந்த மாடி முழுவதையும் அன்றிரவு அவர் ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கிச் சொல்ல வேண்டியவர் அறுவை செய்யும் மருத்துவர். அவரை நாங்கள் அதுவரை கண்ணால் பார்க்கவே இல்லை.

காலை ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பதினொன்றரைக்கு மேல்தான் வெளியே வந்தார். சின்னத் துளை என்று சொன்ன இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கட்டு, விலாவில் ஒரு குழாய். "உள்ளே ஒட்டிப்போயிருந்தது, திறந்து செய்ய வேண்டியதாகிவிட்டது" என்று உதவி மருத்துவர் கதவருகே நின்றபடியே சொல்லிவிட்டுப் போய்விட்டார். குழாயை நான்காம் நாள் எடுத்தார்கள். ஐந்தாம் நாள் பில் வந்தது: 1,42,000 ரூபாய். எதற்கு எவ்வளவு என்ற விவரமே இல்லை. முழுப் பணத்தையும் கட்டாமல் அனுப்ப முடியாது என்றார்கள். என் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினோம். பில் பாக்கிக்காக நோயாளியைப் பிடித்து வைக்கக் கூடாது என்பதும், ஒவ்வொரு செலவுக்கும் கணக்குக் கேட்கலாம் என்பதும் தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இருக்கின்றன. அன்று எனக்கு அது தெரியாது.

வீட்டுக்கு வந்த மறுநாள் அப்பாவின் கண்கள் மஞ்சளாக இருந்தன. மருத்துவமனைக்குப் போன் செய்தால் "வாயுத் தொல்லை, சரியாகிவிடும்" என்றார்கள். அதற்கு அடுத்த நாள் குளிர்க்காய்ச்சல், வயிறு கல்லாக இறுகிவிட்டது. இரவோடு இரவாகக் கார் பிடித்து நகரிலேயே வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த மருத்துவர் அம்மா முதலில் கேட்டது, "அறுவை சிகிச்சைக் குறிப்பு எங்கே?" எங்களிடம் இருந்த டிஸ்சார்ஜ் காகிதத்தில் பித்தப்பை அகற்றப்பட்டது என்ற ஒற்றை வரிதான் இருந்தது. "உள்ளே எதைக் கட்டினார்கள், எங்கே கிளிப் போட்டார்கள் என்று தெரிந்தால் எனக்கு ஒரு நாள் மிச்சமாகும்" என்றார் அவர். அந்த ஒரு நாளுக்காக என் கணவர் பழைய மருத்துவமனைக்கு ஓடினார். அவர்கள் சொன்ன பதில்: "கேஸ் ஷீட் மருத்துவமனையின் சொத்து. கோர்ட் உத்தரவு இருந்தால் கொண்டு வாருங்கள்."

இது பொய். இந்த ஒரு பொய்யைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் தெளிவாக இருக்கிறது. நோயாளியோ, அவர் அதிகாரம் கொடுத்த உறவினரோ கேட்டால், கேட்டதைப் பதிவுசெய்துகொண்டு 72 மணி நேரத்திற்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். நீதிமன்றமும் வேண்டாம், காவல் நிலையமும் வேண்டாம். உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் மருத்துவர் பாதுகாத்து வைக்கவும் வேண்டும். அசல் அவர்களிடமே இருக்கட்டும், நகல் நம் உரிமை. 2023இல் விதி மாறிவிட்டது என்று சிலர் மழுப்புவார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் வெளியான புதிய விதிகள் அதே மாதத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டன, பழையவையே தொடர்ந்தன.

அன்றிரவு என் பெரியப்பா மகன்கள் இரண்டு வண்டியில் ஆட்களோடு வந்துவிட்டார்கள். கண்ணாடியை உடைத்தால்தான் கேஸ் ஷீட் வெளியே வரும் என்று நின்றார்கள். "அண்ணே, உங்கள் காலில் விழுகிறேன், போய்விடுங்கள்" என்று கெஞ்சித் திருப்பி அனுப்பினேன். மருத்துவமனையைத் தாக்குவதைத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் ஜாமீனில் வர முடியாத குற்றமாக்கியிருக்கிறது. ஒரு கல் விழுந்திருந்தால் நாங்கள் குற்றவாளிகளாகியிருப்போம், அப்பாவின் வயிற்றைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசியிருக்க மாட்டார்கள். மேலும், அடி வாங்குவது அந்த இரவுப் பணிச் செவிலியர்தானே?

குறிப்பு எதுவும் இல்லாமலேயே புதிய மருத்துவர் ஸ்கேன்களை எடுத்துப் பார்த்து, பித்தநீர் போகும் குழாயான பித்தநாளத்திலிருந்து கசிவு என்று கண்டுபிடித்தார். எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை வைத்தார்கள். பத்தொன்பது நாட்கள் அங்கே கிடந்தோம். "நாளத்தில் காயம் படுவது தேர்ந்த கையிலும் நடக்கலாம் அம்மா" என்று அவர் நியாயமாகச் சொன்னார். அதை நானும் ஏற்றுக்கொள்கிறேன்.

அப்பா கண் திறந்து பேசத் தொடங்கியதும் அவர் பெயரிலேயே கடிதம் எழுதினேன். நேரில் கொண்டுபோனபோது வாங்கிக்கொண்டு முத்திரை போட மறுத்தார்கள். தல்லாகுளம் தபால் நிலையத்துக்குப் போய் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். நகலை மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும் அனுப்பினேன். கடிதம் இவ்வளவுதான்:

"இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை உங்கள் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தேன். அறுவை சிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, செவிலியர் குறிப்பேடு, பரிசோதனை முடிவுகள், ஒப்புதல் படிவங்கள் உட்பட என் சிகிச்சை ஆவணங்கள் முழுவதன் நகலையும், செலவு விவரத்துடன் கூடிய பில்லையும் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டுகிறேன். நகல் எடுக்கும் செலவைக் கொடுத்துவிடுகிறேன்."

72 மணி நேரத்தில் வரவில்லை. ஒன்பதாம் நாள் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். ஜெராக்ஸ் கட்டை வண்டியில் வைத்தே பிரித்தேன். நாங்கள் காலியாகப் பார்த்த கோடுகள் எல்லாம் நிரம்பியிருந்தன, வேறொருவர் கையெழுத்தில். "ஆபத்துகள் அனைத்தும் நோயாளிக்குத் தமிழில் விளக்கப்பட்டன, புரிந்துகொண்டு சம்மதித்தார்" என்று ஆங்கிலத்தில் எழுதி, நாங்கள் கேள்விப்பட்டே இராத ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திட்டிருந்தார். நேரம்: காலை 9.40. அந்த நேரத்தில் என் அப்பா மயக்க மருந்தில் மேசைமேல் கிடந்தார். அதே கட்டிலிருந்த மயக்க மருந்துக் குறிப்பு 8.05க்குத் தொடங்குகிறது. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து மூன்று முறை பார்த்தேன்.

அதைவிடப் பெரிய அடி அறுவை சிகிச்சைக் குறிப்பில் இருந்தது. பித்தநாளத்தில் சிறு கிழிசல் கண்டறியப்பட்டுத் தையல் போடப்பட்டது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் நாளே தெரிந்திருக்கிறது. அது தெரிந்துகொண்டே வீட்டுக்கு அனுப்பினார்கள், அது தெரிந்துகொண்டே வாயு என்றார்கள்.

சம்மதம் என்றால் என்ன என்பதை உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் விளக்கியிருக்கிறது. சோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு கருப்பையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அது செல்லாது, சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றைச் சொல்லி நோயாளியிடமே சம்மதம் பெற வேண்டும் என்றது நீதிமன்றம். நம் ஊரில் வயதானவர்கள் என்றால் பிள்ளைகளிடம் மட்டும் பேசி முடித்துவிடுகிறார்கள். அப்பாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை என்பதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

தனியார் மருத்துவமனைச் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இலேயே தீர்ப்பாகிவிட்டது. இப்போதுள்ள 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பாதிப்பு நேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது. நட்ட ஈடு கேட்கும் இடம் அது. மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் மருத்துவக் கவுன்சிலுக்கு, மருத்துவமனையின் பதிவு பற்றியது இணை இயக்குநருக்கு. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. ஆனால் உங்கள் ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்த ஜெராக்ஸ் கட்டைத்தான். ஆகவே சண்டை போடும் எண்ணமே இல்லாவிட்டாலும், வீட்டுக்குப் புறப்படும் அன்றே எழுதிக் கேளுங்கள். நிரப்பாத படிவத்தை நீட்டினால், நிரப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டதும் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு என் கையிலும் போன் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

பங்குனியில் வழக்குப் போட்டோம். மனுவில் கையெழுத்து வாங்க வழக்கறிஞர் தாளை நீட்டியபோது அப்பா பேனாவை வாங்கவில்லை. "தம்பி, முதலில் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள்" என்றார். பதினான்கு பக்கமும் வாசித்து முடிக்க ஒன்றரை மணி நேரமாயிற்று. ஸ்டென்ட்டை எடுத்தாகிவிட்டது, ஆனால் செடிக்குக் குனிந்தால் இன்னும் வயிற்றைப் பிடிக்கிறது. இப்போது அந்த விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மாதான் போகிறார். கடிதத்தின் முழு வடிவம் வேண்டுபவர்கள் எழுதுங்கள், தமிழிலேயே அனுப்புகிறேன்.