குங்குமப்பூவுக்கு 'ஸ்பெஷல்' ஊதா விளக்கு: 46,500 போனது இப்படித்தான்

வீட்டுக்குள் குங்குமப்பூ வளர்க்கத் தனி ஸ்பெக்ட்ரம் விளக்கு என்று யாராவது விற்க வந்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான்கு எல்.இ.டி. விளக்கு, ஒரு பெட்டி கிழங்கு, ஒரு 'வழிகாட்டி' பி.டி.எஃப். எல்லாம் சேர்த்து 46,500 ரூபாய். இன்று தொட்டியைக் கவிழ்த்துச் சேய்க்கிழங்குகளை, அதாவது நட்ட தாய்க்கிழங்கிலிருந்து வந்த புதுக் கிழங்குகளை, எடை போட்டாயிற்று. பெரும்பாலானவை 3 கிராம், 4 கிராம். 8 கிராமுக்குக் கீழே இருக்கும் கிழங்கு அடுத்த பருவத்தில் அநேகமாகப் பூக்காது. அதாவது விளக்கும் போச்சு, கிழங்கும் போச்சு.

விற்றது சமூக ஊடகத்தில் பக்கம் வைத்து 'கிட்' விற்கும் ஒரு கூட்டம். பெயர் போடவில்லை. நாளைக்கே பெயரை மாற்றிக்கொண்டு வருவார்கள், அதனால் பெயரைவிட ஏமாற்றும் விதம் தெரிந்திருப்பதுதான் உங்களுக்கு உதவும்.

நம்ப வைத்தது இரண்டு விஷயம். முதலாவது அவர்கள் அனுப்பிய வரைபடம். 450 நானோமீட்டர் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலைநீள அளவு) இடத்தில் நீல முனை, 660-இல் சிவப்பு முனை, கூடவே 30 செ.மீ. உயரத்தில் எந்த இடத்தில் எத்தனை மைக்ரோமோல் ஒளி விழுகிறது என்ற கட்டம் போட்ட படம், நடுவில் 420 என்று. மைக்ரோமோல் என்பது செடிக்குப் பயன்படும் ஒளித்துகள்களை எண்ணும் அளவு; ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை விழுகிறது என்பதுதான் பி.பி.எஃப்.டி. மனிதக் கண்ணுக்கான வெளிச்சத்தை அளக்கும் லூமென் கணக்கோ 'சூரியனுக்கு நிகர்' என்ற வசனமோ வந்திருந்தால் அங்கேயே பேச்சு முடிந்திருக்கும். கேட்ட உடனே பி.பி.எஃப்.டி. வரைபடம் கொடுக்கிற ஆள் விஷயம் தெரிந்தவன் என்றுதான் யாருக்கும் தோன்றும். இரண்டாவது, காணொளி. ஊதா வெளிச்சத்தில் தட்டுத் தட்டாகப் பூ.

அந்தக் காணொளிதான் முழு மோசடியின் அச்சாணி. குங்குமப்பூச் செடியின் பூ மொட்டு விளக்குக்கடியில் உருவாவதில்லை. இலை காய்ந்து, கிழங்கு ஓய்வில் கிடக்கும் வெப்ப காலத்தில், 23 முதல் 27 டிகிரி செல்சியஸில், கிழங்குக்குள்ளேயே மொட்டு உருவாகிறது. அதற்கு 50 நாளுக்கு மேல் அந்தச் சூடு வேண்டும். 30 டிகிரியைத் தாண்டினால் மொட்டு உள்ளேயே கருகும். பிறகு 17 டிகிரி பக்கம் இறக்கினால் முளை நீண்டு பூ வெளியே வரும். இதில் வெளிச்சத்துக்கு வேலையே இல்லை. வெப்பமும் கிழங்கின் எடையும் சரியாக இருந்தால், மண்கூட இல்லாமல், இருட்டு அலமாரியில் வைத்த தட்டிலும் பூக்கும். கொஞ்சம் வெளிறி, காம்பு நீண்டு நிற்கும், அவ்வளவுதான். ஆக, காணொளியில் பூத்ததற்கும் அந்த ஊதா விளக்குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வேறு எவரோ முந்தைய பருவத்தில் வளர்த்துத் தேற்றிய கிழங்கின் பலன் அது.

விளக்கின் வேலை பூ முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. இலைகள் மாதக்கணக்கில் வெளிச்சம் வாங்கிச் சேர்க்கும் மாவுச்சத்துதான் சேய்க்கிழங்காகிறது. தாய்க்கிழங்கு சுருங்கி மடிந்துவிடும். விளக்கு மட்டமா நல்லதா என்பது இலை மஞ்சளாகிக் கிழங்கைத் தோண்டும்போதுதான் தராசில் தெரியும். அதற்குள் 'ரிட்டர்ன்' காலம் முடிந்து எத்தனையோ மாதம் ஆகியிருக்கும். இந்தப் பயிரின் பருவ ஓட்டத்தையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு விற்கிறார்கள்.

விளக்குக்கு வருவோம். பெட்டியில் 1000 வாட். பிளக்கில் மாட்டும் மின்மானி காட்டியது 88. ஊதா ரகத்தில் மலிவானவை ஒரு ஜூலுக்கு (ஒரு வாட் ஒரு நொடியில் இழுக்கும் மின்சாரம்) சுமார் 1.2 மைக்ரோமோல்தான் தரும். 88 வாட்டுக்கு மொத்தமே நொடிக்கு 105. அதை 120 செ.மீ.க்கு 60 செ.மீ. அடுக்கில் பரப்பினால், ஓரத்தில் சிந்துவது போகச் பி.பி.எஃப்.டி. சராசரி 100 கூடத் தேறுவது கஷ்டம். இந்த ஒளித்துகள்களை அளக்கும் குவாண்டம் மீட்டர் நடுவில் 130 காட்டியது, மூலைகளில் 40. வரைபடத்தில் சொன்ன 420 எங்கே? நாளுக்கு 11 மணி நேரம் எரிந்தாலும் 100 × 11 × 0.0036 (மணி நேரத்தை நொடியாக்கி மைக்ரோமோலை மோலாக்கும் எண்), அதாவது ஒரு நாளுக்குச் சுமார் 4 மோல். இலைப் பருவத்துக்கு 200 முதல் 250 மைக்ரோமோல், நாளுக்கு 8 முதல் 10 மோலாவது கொடுத்தால்தான் கிழங்கு பருக்கும். வந்தது அதில் பாதி.

நிறத்திலும் பொய். 660 என்று எழுதிய சிவப்பு டயோடு (விளக்கிலுள்ள சின்ன ஒளிப் புள்ளி) கண்ணுக்குப் பளீரென்று ஆரஞ்சு கலந்து தெரிந்தது. உண்மையான 660 ஆழ்ந்த சிவப்பாக, மங்கலாகத்தான் கண்ணுக்குத் தெரியும். பளீரென்று அடிப்பது 630 பக்கம் உள்ள மலிவு ரகம். 630 விஷம் ஒன்றும் இல்லை, செடி அதையும் உண்ணும். 660-க்குக் காசு வாங்கிக்கொண்டு அதைக் கொடுப்பதுதான் திருட்டு. நீலம் பேருக்கு ஒன்றிரண்டு. நீலம்தான் இலையைக் குட்டையாக, தடிமனாக, நிமிர்ந்து நிற்க வைப்பது. அது குறைந்து, மொத்த ஒளியும் குறைந்தால் இலை நீண்டு, மெலிந்து, தட்டுக்கு வெளியே சாய்ந்து விழும். அப்படித்தான் விழுந்தது.

படம் அனுப்பியதும் பதில்: "செடி புது லைட்டுக்கு செட் ஆகுது சார், மூணு வாரம் விடுங்க." விட்டால், "லைட்டை இன்னும் கீழே இறக்குங்க." இறக்கினால் இலை நுனி கருகி, இலையருகே வெப்பம் 24 டிகிரிக்குப் போனது. குளிர் விரும்பும் இந்த இலைக்குச் சூடு ஏறினால் சீக்கிரமே மஞ்சளாகி ஓய்வுக்குப் போய்விடும். கிழங்கு பருக்கும் வாரங்கள் அப்படியே வெட்டுப்படும். அதைச் சொன்னால், "உங்க தண்ணில உப்பு ஜாஸ்தி போல சார்." மின்மானிப் படம் போனதும், "1000 வாட்ங்கறது ஈக்விவலன்ட் சார், அது எல்லாருக்கும் தெரியுமே." கடைசியாகப் பணத்தைக் கேட்டதற்கு வந்த பதில்தான் தாங்கவில்லை: "வாரன்ட்டி லைட் எரியலைன்னாதான் சார். எரியுதுல்ல?"

எரியுது. 46,500-க்கு நன்றாக எரியுது.

அதன்பிறகு செய்தி போகிறது, இரண்டு நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. பக்கத்தில் போட்ட கருத்தையும் அழித்துவிட்டார்கள். கீழே இன்னொருவர் 'நானும் ஆர்டர் பண்ணிட்டேன்' என்று எழுதியிருந்தார். இந்தப் பதிவு அவருக்காகவும்தான்.

'குரோசின் இருமடங்கு' என்ற அவர்களின் விளம்பரத்துக்கும் ஒரு வார்த்தை. குரோசின்தான் குங்குமப்பூ இழைக்கு நிறம் தருவது. இழையின் நிறம் பூ விரிவதற்கு முன்பே, மொட்டுக்குள் இருக்கும்போதே ஏறிவிடுகிறது. வாசனை தரும் சஃப்ரனால் பெரும்பாலும் உலர்த்தும்போது உருவாவது. நிற வலிமை பேசுகிறவர் குங்குமப்பூத் தரத்துக்கான சர்வதேச அளவுகோலான ஐ.எஸ்.ஓ. 3632 முறைப்படி 440 நானோமீட்டரில் அளந்த ஆய்வக அறிக்கையைக் காட்ட வேண்டும். கேட்டேன். இலைக்கறி மாதிரி பச்சைப் பசேலென்று ஏதோ செடியின் படம் வந்தது. அதோடு ஊதா வெளிச்சத்தில் இன்னொரு தொல்லை: எல்லாம் ஒரே நிறமாகத் தெரிவதால் இலை மஞ்சளாவதும் கிழங்கில் பச்சைப் பூஞ்சணம் பிடிப்பதும் கண்ணில் படாது. சாதாரண வெள்ளை விளக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் இரண்டு தட்டு அழுகியிருந்தது தெரிந்தது. வெள்ளை எல்.இ.டி.யிலேயே நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் இருக்கிறது. நல்ல வெள்ளையோடு கொஞ்சம் 660 சேர்த்தால் போதும், இந்த ஊதா வித்தையே வேண்டாம்.

விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. விளக்கு வந்த அன்றே மின்மானியில் மாட்டி வாட் பாருங்கள், ரிட்டர்ன் தேதிக்குள். லக்ஸ் மானியை நம்பாதீர்கள், அது மனிதக் கண்ணுக்காகச் செய்தது, சிவப்பு நீலத்தைத் தப்பாகக் காட்டும். பழைய சி.டி. தட்டில் வெளிச்சத்தைப் பிரதிபலித்துப் பாருங்கள்: முழு ஸ்பெக்ட்ரம் என்றால் வானவில் தொடர்ச்சியாக வரும், நீலமும் சிவப்பும் தனித்தனிப் பட்டையாகப் பிரிந்து நின்றால் சொன்னது பொய். கிழங்கை ஒவ்வொன்றாக எடை போடுங்கள், சராசரி சொல்லி ஏமாற்றுவார்கள். பூக்காணொளிக்குப் பணம் அனுப்பாதீர்கள். அந்த விளக்கின் கீழ் ஒரு முழுப் பருவம் வளர்ந்த சேய்க்கிழங்கைத் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.