கொரோலா 121-உம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரும்: பதினொரு வருட அனுபவம்

"டொயோட்டா கொரோலா 121 இப்பவும் எடுக்கலாமோ, நம்பலாமோ?" என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். திறந்த பிறகு வரியோடு வந்து நின்ற விலையைப் பார்த்துப் பலர் மறுபடியும் பழைய கார்ப் பக்கமே வந்துவிட்டார்கள். நான் 2014 இல் வாங்கிய 2003 ஆம் ஆண்டுக் கொரோலா 121 ஐ இன்னும் ஓட்டுகிறேன். அதனால்தான் கேட்கிறார்கள். பதில் கொஞ்சம் நீளம்.

கார் கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் இருந்தது. இங்கே யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் கராஜ் வைத்திருக்கும் அண்ணையையும் கூட்டிக்கொண்டு இரவு பஸ்ஸில் போனேன். மீற்றர் 78,000 காட்டியது. அண்ணை மீற்றரைப் பார்க்கவே இல்லை. பொனற்றைத் திறந்து எஞ்சினில் உள்ளங்கையை வைத்தார். "தம்பி, இதை இப்பதான் ஸ்ராட் பண்ணிச் சூடாக்கி வைச்சிருக்கினம். வாரும், சாப்பிட்டுட்டு வருவம்" என்றார். மூன்று மணித்தியாலம் கழித்து, எஞ்சின் ஆறிய பிறகு, அவரே திறப்பைப் போட்டார். குளிர்ந்த எஞ்சின் எழும்பும் முதல் சில வினாடிகளில்தான் உண்மை வெளியே வரும். வால்வு சீல் தேய்ந்திருந்தால் சைலன்சரில் நீலப் புகை ஒரு முறை வந்து மறைந்துவிடும். ரைமிங் செயின் தளர்ந்திருந்தால் கடகடவென்று ஒரு சத்தம். சூடான எஞ்சினில் இரண்டுமே ஒளிந்துகொள்ளும். எங்கள் காரில் புகையும் இல்லை, சத்தமும் இல்லை. கியர் ஒயில் இளஞ்சிவப்பாக இருந்தது, கருகல் மணம் இல்லை.

ஆனால் பிரேக் பெடல் ரப்பரின் வலது மூலை வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. அண்ணை சாரதிக் கதவைத் திறந்து தூணின் உள்பக்கம் தடவினார். பாதி கிழிந்த ஒயில் மாற்றும் ஸ்ரிக்கர் ஒன்று. அடுத்த மாற்றம் 1,32,000 இல் என்று பேனாவால் எழுதியிருந்தது. விற்றவர் வானத்தைப் பார்த்தார். விலையைக் குறைத்துத்தான் எடுத்தோம். ஏமாற்றுகிறார் என்று தெரிந்தும் ஏன் எடுத்தாய் என்று வீட்டில் சண்டை. மீற்றர் பொய் சொன்னது, எஞ்சின் சொல்லவில்லை. அவ்வளவுதான் என் கணக்கு. ஒழுங்காக ஒயில் மாற்றிய 1,30,000, கவனிக்காத 78,000 ஐ விட எனக்குப் பரவாயில்லை.

முதல் நான்கு வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை. அப்புறம் வந்தது முழுக்க எங்கள் பிழை.

2018 இல் ஒரு மத்தியானம், சாவகச்சேரியிலிருந்து திரும்பும்போது நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட ஏசி திடீரென்று சூடாக ஊதியது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தேன், நடுவில்தான் நின்றது. கராஜில் ஸ்கானரைச் செருகினால் 106 பாகை. இந்தக் காலத்துக் கார்களின் முள் சூட்டை உள்ளபடி காட்டுவதில்லை. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அசையாமல் நடுவில் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அது ஏறத் தொடங்கும்போது நேரம் கடந்திருக்கும். எஞ்சின் சூடேறினால் ஏசியைக் கார் தானே நிறுத்திவிடும். எனக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கை அதுதான்.

ரேடியேற்றரின் அடித் திருகைக் கழற்றியபோது சிவப்புக் கூலன்ற் வரவில்லை. மண்சட்டி கழுவிய தண்ணீர் போல ஒரு பழுப்பு. வாளியின் அடியில் வெள்ளைச் செதில்கள் தங்கின. ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினேன், சுண்ணாம்பாக உதிர்ந்தது. வீட்டுக் கேத்தலின் அடியில் சுரண்டி எடுப்போமே, அதே சாமான். யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணக்கல்லின் மேல் நிற்கிற ஊர். கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் அதிகம், சூடாக்கினால் படியும். ரேடியேற்றரின் மெல்லிய அலுமினியக் குழாய்களை அடைக்க அந்தப் படிவு போதும். அண்ணைக்கு வந்த கோபத்தை மறக்கமாட்டேன். "குடிக்கிற தண்ணியைப் போத்திலிலை வாங்கிறியள், காருக்கு மட்டும் கிணத்துத் தண்ணியோ?"

ஊற்றியது அப்பா. வெள்ளிக்கிழமைதோறும் செம்பில் தண்ணீரோடு பொனற்றைத் திறப்பார். ஒஸ்ரின் ஏ40 வைத்திருந்தவரின் பழக்கம். தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்தபோது அந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. கொஞ்சம் பெற்றோலை விட்டு எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அந்த எஞ்சினின் அழுத்த விகிதம், அதாவது எரிபொருள் கலவையை அது நெருக்கும் அளவு, ஏழுக்கு ஒன்று அளவில் இருந்ததால் தாக்குப்பிடித்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். ஒயில் குச்சியில் அளவு குறைவதற்குப் பதில் கூடும், அதையும் வடித்துவிட்டு ஓட்டினார்கள். அதே கையால் பத்தரைக்கு ஒன்று விகிதமுள்ள கொரோலாவின் 1என்இசட் எஞ்சினைப் பராமரிக்கப் போனால் இப்படித்தான் ஆகும். அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. செம்பை மட்டும் எடுத்து ஒளித்துவைத்தேன்.

ரேடியேற்றர், தேமோஸ்ராற், வோட்டர் பம்ப் மூன்றும் மாற்றினோம். எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் இடையில் இருக்கும் ஹெட் காஸ்கற் தப்பியது.

அதற்குப் பிறகு யார் கார் பார்க்கக் கூப்பிட்டாலும் முதலில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்து விளிம்பைப் பார்க்கிறேன். ஒயில் மூடியின் உள்பக்கம் பால்தேத்தண்ணீர் நிறத்தில் களிம்பு இருந்தால் தண்ணீர் ஒயிலில் கலக்கிறதோ என்று சந்தேகப்படவேண்டும். ஸ்கானரில் பிழை ஒன்றும் இல்லை என்று காட்டினாலும் நம்பவேண்டாம். முதல் நாள் அழித்திருப்பார்கள். காரின் உள் சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால் அதுதான் அழித்ததற்கு அடையாளம்.

இன்னொரு சிக்கல், எங்கள் ஊரில் மேடு கிடையாது. கண்டியில் ஒரு ஏற்றத்தில் ஐந்து நிமிடத்தில் தெரியும் பலவீனம் இங்கே ஒரு வருடத்துக்கும் தெரியாது. அண்ணை செய்வது இது: நல்ல வெயிலில் ஏ9 வீதியில் கொடிகாமம் வரை விரட்டிப்போய், அங்கே எஞ்சினை நிறுத்தாமல், ஏசி முழுதாகப் போட்டு இருபது நிமிடம் அப்படியே விடுவார். ஸ்கானரில் சூடு ஏறிக்கொண்டே போனால் காரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"வெளிநாட்டுக்காரரின் கார், ஓடவே இல்லை" என்று விற்பதைக் கேட்டால் எனக்குப் பயம். வெளிநாட்டில் இருப்பவர் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிற்கும் 25 நாளும் ஓடி, மிச்ச நாள் படங்குக்குக் கீழே கிடந்த கார் அது. சீல்கள் காய்ந்திருக்கும், பெற்றோல் பழுதாகியிருக்கும், எலி வயரைக் கடித்திருக்கும். 2022 இல் வாரம் 20 லீற்றர் பெற்றோல் என்று கியூஆர் கோட்டா வந்தபோது என் காரும் கிடந்தது. பற்றரி செத்தது, பின் பிரேக் ஒட்டிக்கொண்டது. சில வாரங்களுக்கே அப்படியென்றால் பாருங்கள். பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப் பக்கம் ஓடிய கார் என்றால் அடியில் ரோர்ச் அடித்துத் துருவைப் பார்க்காமல் கதைக்கவே வேண்டாம்.

ஹைபிரிட் பற்றியும் கேட்கிறார்கள். டொயோட்டா அக்வாவில் பற்றரிக்குக் காற்று இழுக்கும் வாய் பின் ஆசனத்துக்குக் கீழே இருக்கிறது. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தூசி அங்கேதான் போய் அடைக்கும். அதன் பற்றரியில் 20 மொடியூல், அதாவது சின்னச் சின்னப் பற்றரித் துண்டுகள். செத்த இரண்டை மட்டும் மாற்றி எச்சரிக்கை விளக்கை அணைத்து விற்பார்கள், சில மாதத்தில் விளக்கு திரும்ப எரியும். நான் எடுக்கமாட்டேன். தினமும் தூரம் ஓடுபவருக்குக் கணக்கு வேறாக இருக்கலாம்.

என் காருக்கு இதுவரை அல்ரனேற்றர் ஒரு தடவை, ஷொக் அப்சோபர் இரண்டு தடவை. எஞ்சினைக் கழற்றவே இல்லை. ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒயில் மாற்றுகிறேன், இடையில் அரை லீற்றர் கேட்கிறது. பட்டணத்துக்குள் லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர்.

போன கிழமை மருமகன் மானிப்பாயில் ஒரு டொயோட்டா விற்ஸ் பார்க்கக் கூட்டிப்போனான். ஓடியது 62,000 கிலோமீற்றர் என்றார்கள். மினுங்கியது. ரேடியேற்றர் மூடியைத் திறந்தேன், விளிம்பைச் சுற்றி வெள்ளை வளையம். "அது சும்மா உப்பு ஐயா, துடைச்சாப் போகும்" என்றார் விற்பவர். மூடியைத் திரும்பப் பூட்டிவிட்டு வந்துவிட்டோம். மருமகன் இன்னும் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. அவனுக்கு அந்தச் சிவப்பு நிறம் பிடித்திருந்ததாம்.