அரண்மனை இன்று மூடியிருக்கிறது என்று யாராவது சொன்னால்

பாங்காக்கில் 20 பாட் (தாய்லாந்துப் பணம்) கொடுத்தால் போதும், ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்றதை நம்பிப் போய் 16,000 பாட்டை இழந்துவிட்டு வந்தவன் நான். நம் பணத்துக்குக் கிட்டத்தட்ட 40,000 ரூபாய். வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்து முடித்தாயிற்று, மனைவி மட்டும் இன்னும் சிரிக்கவில்லை. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் அடுத்த மாதம் பாங்காக் போகிறேன் என்று வந்து நின்றான். அவனுக்குச் சொன்னதை மற்றவர்களுக்கும் எழுதி வைக்கிறேன்.

நான், மனைவி, பத்தாவது படிக்கும் மகன் என்று மூன்று பேர் போனோம். செலவில்லாமல் எதையெல்லாம் பார்க்கலாம் என்று ஒரு நோட்டில் வரிசையாக எழுதி எடுத்துப் போயிருந்தேன். காசு கொடுத்துப் பார்ப்பதாக அதில் இருந்தது ஒரே இடம்தான், பெரிய அரண்மனை. வெளிநாட்டுக்காரருக்குத் தலைக்கு 500 பாட்.

காலையில் சாதோர்ன் படகுத்துறைக்குப் போய் ஆரஞ்சுக் கொடிப் படகில் ஏறினோம். நாங்கள் போனபோது எங்கே இறங்கினாலும் 16 பாட். அதே துறையில் சுற்றுலாப் படகுக்கும் ஆள் கூப்பிடுவார்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, விலைதான் அதிகம். இரண்டும் ஓடுவது ஒரே ஆற்றில்தானே. தா சாங் துறையில் இறங்கி அரண்மனையின் வெள்ளைச் சுவரை ஒட்டி நடந்தோம். மணி பத்தரை இருக்கும்.

சுவர் திரும்பும் இடத்தில் ஒருவர் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஒரு அடையாள அட்டை. "இந்தியாவா? நமஸ்தே!" என்றார். அரண்மனைக்கா போகிறீர்கள், இன்று புத்தர் தினம், உள்ளே பிக்குகள் பூஜை நடக்கிறது, ஒரு மணிக்கு மேல்தான் வெளியாட்களை விடுவார்கள் என்றார். நான் தயங்கியதைக் கவனித்துவிட்டு மகனின் அரை டிராயரைக் காட்டினார். "இந்த உடையோடு எப்படியும் விடமாட்டார்கள்."

அது உண்மை. தோளும் முட்டியும் மூடியிருந்தால்தான் அரண்மனைக்குள் விடுவார்கள், நானே படித்திருந்தேன். அந்த ஒரு உண்மைக்காக அவர் சொன்ன மற்றதையும் சேர்த்து நம்பிவிட்டேன்.

வாசல் அங்கிருந்து சில நிமிட நடைதான். வாசலருகே ஒலிபெருக்கியில், அரண்மனை தினமும் திறந்திருக்கும், வேறு மாதிரிச் சொல்பவர்களை நம்பாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்களாம். அந்தச் சத்தம் காதில் விழாத தூரத்தில் நிற்பதுதான் இவர்கள் தொழிலே. அரச குடும்பச் சடங்கு ஏதாவது இருந்தால் மூடுவது உண்டு. ஆனால் அதை வாசலில் இருக்கும் சீருடைக் காவலர் சொல்ல வேண்டும், தெருவில் நிற்பவர் அல்ல.

ஒரு தாளில் படம் வரைந்து மூன்று வட்டம் போட்டுக் கொடுத்தார். இரண்டு கோயில், ஒரு ஏற்றுமதி நிலையம். இன்று அரசாங்கமே டுக்டுக் ஆட்டோவுக்குப் பெட்ரோல் கொடுக்கிறது, அதனால் மூன்று இடத்துக்கும் சேர்த்து 20 பாட் போதும் என்றார். கைதட்டியதும் வண்டி வந்து நின்றது. எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மூன்று பேருக்கு 20 பாட் என்றதும் மனசுக்குள் ஒரே கொண்டாட்டம்.

முதல் கோயிலில் கூட்டமே இல்லை. படிக்கட்டில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தானாகப் பேச்சுக் கொடுத்தார். ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவராம். பிள்ளை என்ன படிக்கிறான் என்று மகனைப் பற்றி விசாரித்தார். பேச்சுவாக்கில், நீலக்கல்லுக்கு இன்றைக்குத்தான் வரி இல்லாத கடைசி நாள், நானும் இரண்டு வாங்கினேன், வெளிநாட்டில் விற்றால் இரண்டு மடங்கு என்றார். கடைக்குப் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் கையிலிருந்த தாளை விரித்து, இதோ இந்த இடமா என்று கேட்டேன்! ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பேர் ஒரே இடத்தைச் சொன்னால் எவனுக்கும் சந்தேகம் வராது.

நடுவில் டிரைவர் ஒரு தையல்கடை வாசலில் நிறுத்தினார். எதுவும் வாங்க வேண்டாம், பத்து நிமிஷம் உள்ளே உட்கார்ந்துவிட்டு வாருங்கள், எனக்குப் பெட்ரோல் கூப்பன் கிடைக்கும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அன்று முழுக்க எங்களிடம் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான். உட்கார்ந்துவிட்டு வந்தோம்.

அப்புறம் கல் கடை. ஏசி, ஆரஞ்சு ஜூஸ், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பட்டை தீட்டிக்கொண்டிருக்கும் ஆட்கள். நீலம் எல்லோருக்கும் ஒத்துவராது, ஜாதகம் பார்க்காமல் போடக்கூடாது என்று மனைவி காதோரம் சொன்னாள். அந்தச் சாக்கை வைத்தாவது எழுந்து வந்திருக்கலாம். போடுவதற்கா வாங்குகிறோம், விற்கத்தானே என்று நான் அவளுக்குப் புத்தி சொன்னேன். மோதிரமும் தோடும் சேர்த்து 16,000 பாட். கார்டைத் தேய்த்தேன். முத்திரை குத்திய சான்றிதழ் ஒன்றும் கொடுத்தார்கள்.

எங்களை அரண்மனைப் பக்கம் இறக்கிவிட்ட டிரைவர் அந்த 20 பாட்டைக்கூட வாங்கவில்லை. இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனுஷன் என்று மனைவியிடம் சொன்னேன். வாசலுக்குப் போனபோது மணி மூன்றே முக்கால். மூன்றரையோடு டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். காலையில் பொய்யாக மூடியிருந்த அரண்மனை இப்போது நிஜமாகவே மூடியிருந்தது.

கல்லைப் பற்றிய சந்தேகம் திருச்சிக்கு வந்த பிறகுதான் தீர்ந்தது. எங்கள் ஊர் ஒரு காலத்தில் செயற்கை வைரம் பட்டை தீட்டுவதற்குப் பேர் போன ஊர். அந்தத் தொழிலில் முப்பது வருஷம் இருந்த அண்ணன் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். லென்ஸைக் கண்ணில் வைத்து ஒரு நிமிஷம் பார்த்தார். "உள்ளே கோடு வளைஞ்சு வளைஞ்சு போகுது, காத்துக் குமிழும் இருக்கு. மண்ணில விளைஞ்ச கல்லுன்னா கோடு நேராத்தான் போகும். இது உலையில வளர்த்தது. தம்பி, இதை வாங்கவா பிளேன் ஏறிப் போனீங்க?" என்றார். சில நூறு ரூபாய் பெறுமாம்.

சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். நீலக்கல் என்று இருந்தது, இயற்கை என்ற சொல் எங்குமே இல்லை. வங்கியில் கேட்டால், ரகசிய எண்ணைப் போட்டது நீங்கள்தானே என்கிறார்கள். அந்த ஊரில் இருக்கும்போதே சந்தேகம் வந்திருந்தால் சுற்றுலாப் போலீசை 1155 என்ற எண்ணில் கூப்பிட்டிருக்கலாம். ஆங்கிலத்தில் பேசுவார்கள். ஊர் திரும்பிய பிறகு எதுவும் நடக்காது.

இத்தனைக்கும் நோட்டில் இருந்த இலவச இடங்கள் ஒன்றுகூட எங்களை ஏமாற்றவில்லை. மறுநாள் லும்பினி பூங்காவுக்குப் போனோம். ஏரிக்கரையில் ஆள் நீளத்துக்கு நீர் உடும்புகள் வெயில் காய்கின்றன, மகன் அங்கிருந்து நகரவே மாட்டேன் என்றுவிட்டான். பக்கத்தில் பெஞ்சகிட்டி பூங்கா, பழைய புகையிலை ஆலை இருந்த இடத்தைச் சதுப்புக் காடாக மாற்றியிருக்கிறார்கள். தண்ணீருக்கு மேலே உயரமான நடைபாதை உண்டு, அந்தி நேரத்தில் போங்கள். மாலை ஆறு மணிக்குத் தேசிய கீதம் ஒலித்ததும் ஓடிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். நாங்களும் நின்றோம். நேஷனல் ஸ்டேடியம் ரயில் நிலையத்தை ஒட்டிய கலை, கலாச்சார மையத்துக்கும் கட்டணம் இல்லை, திங்கட்கிழமை மட்டும் விடுமுறை.

சீலோம் சாலையில் நம் மாரியம்மன் கோயில் இருக்கிறது, 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. தாய்லாந்துக்காரர்கள் அதை வாட் கேக் என்கிறார்கள். கேக் என்றால் விருந்தாளி, இந்தியரையும் அந்தச் சொல்லால்தான் குறிப்பார்கள். கும்பிட வந்தவர்களில் பாதிக்கு மேல் அந்த ஊர்க்காரர்கள். விருந்தாளி என்ற சொல்லைக் கேட்டு மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மற்ற இடங்களைச் சுற்றியும் இப்படிப்பட்ட ஆட்கள் திரிகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அரண்மனைக்கு எதிரே உள்ள சனாம் லுவாங் மைதானத்தில் புறாவுக்குப் போடச் சொல்லி மக்காச்சோளப் பையைக் கையில் திணிப்பார்கள். வாங்கிவிட்டால் அப்புறம் காசு கேட்டு விடமாட்டார்கள், கையை மடக்கிக்கொண்டு நடங்கள். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள வாட் அருண் கோயிலுக்குப் போக தா தியென் துறையில் 5 பாட் கொடுத்தால் அக்கரைக்குப் படகு இருக்கிறது. அந்தப் படகு இன்று ஓடாது, தனிப்படகில் வாருங்கள் என்று வழியில் ஒருவன் சொன்னான். மகன் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே கவுண்டருக்குப் போய் மூன்று டிக்கெட் வாங்கிவிட்டான்.

நோட்டை அந்தப் பையனிடம் கொடுத்துவிட்டேன். அரண்மனை என்ற வரிக்கு மட்டும் டிக் அடிக்கவில்லை. காலை எட்டரைக்குத் திறக்கும், முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு போ என்று பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.