மோல்மீன் போக ரயிலா, பஸ்ஸா?

சொந்தத்தில் ஒரு கல்யாணம். ரங்கூனிலிருந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு பர்மாவின் தென்கிழக்கே இருக்கும் மோல்மீன் போகவேண்டும். வீட்டில் எல்லாரும் பஸ் என்றார்கள். நான் ரயிலுக்குத்தான் டிக்கெட் எடுத்தேன்.

வேகத்தில் பஸ்ஸை அடிக்க முடியாது. ஆறேழு மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். ரயிலுக்கு ஒன்பது பத்து மணி நேரம், தாமதமானால் அதுவும் சேரும். காசு ரயிலில் குறைவு. இதிலெல்லாம் வாதாட ஒன்றுமில்லை.

ஆனால் பஸ்ஸின் ஆறேழு மணி நேரம் எங்கிருந்து ஆரம்பிக்கிறது? அவுங் மிங்கலார் பஸ் நிலையம் வடக்கே விமான நிலையப் பக்கம் இருக்கிறது, ஊர் நடுவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஊர் நடுவில் சூலே பகோடா பக்கம் குடியிருப்பவர் நெரிசலில் அங்கே போய்ச் சேரவே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். டாக்ஸிக் காசு தனி. உள்ளே போனால் ஒவ்வொரு பஸ் கம்பெனிக்கும் ஓர் இடம். வயசானவரையும் மூட்டையையும் வைத்துக்கொண்டு நம் பஸ் எங்கே நிற்கிறது என்று தேட வேண்டும்.

ரயில் ஏறும் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ஊர் நடுவில் இருக்கும் போஜோக் மார்க்கெட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். 1877-இல் வெள்ளைக்காரன் கட்டிய ஸ்டேஷன் இரண்டாம் உலக யுத்தத்தில் அழிந்தது. அடுக்குக் கூரைக் கோபுரங்களோடு பர்மியப் பாணியில் இப்போது நிற்பது 1954-இல் திறந்தது. நல்லவேளை, அதை ஊருக்கு வெளியே கொண்டுபோகவில்லை. சுற்று ரயிலும் இங்கேதான் வருகிறது. இன்செய்ன், மிங்கலடோன், தாமுவே என்று 46 கிலோமீட்டர் போல ஊரை வளைத்து ஓடுகிற ரயில் அது. இன்செய்ன் சித்தி வீட்டார் அதில் வந்து இறங்கி எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். சீர்த்தட்டு மூட்டைகளை மேம்பாலப் படியில் ஏற்றி இறக்கியதுதான் பாடு.

ரயில் ஆடுகிற ஆட்டத்தைச் சொல்லியாக வேண்டும். சில இடங்களில் சீட்டிலிருந்து தூக்கிப் போடும். அம்மா ஜன்னல் கம்பியை விடவே இல்லை. ஆனால் கால் மரத்தால் எழுந்து நடக்கலாம். வழியில் பெகு ஊரில் தலையில் தட்டோடு ஜன்னலோரம் வரும் பெண்களிடம் அவித்த காடை முட்டை வாங்கித் தின்னலாம். முன்பெல்லாம் ஆற்றுக்கு இக்கரையில் மார்த்தபானில் இறங்கிப் படகேற வேண்டும். 2005-இல் சல்வீன் ஆற்றுப் பாலம் வந்தபின் ரயில் நேரே மோல்மீனுக்குள் போகிறது.

பெகு வரைக்கும் மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரயில்தான். வடக்கே தூரத்திலுள்ள மண்டலே என்றால் நானும் பஸ் ஏறிவிடுவேன். எக்ஸ்பிரஸ் சாலையில் எட்டொன்பது மணி நேரம், ரயிலுக்குப் பதினைந்துக்குக் குறையாது. படுக்கை வண்டியில் போனவர்கள் தேவலை என்கிறார்கள், நான் போனதில்லை.