இரண்டு டன் ஹைட்ராலிக் ஜாக்கி: சிறிய காருக்கு அவசியமா?

காரோடு கொடுக்கப்படும் திருகு ஜாக்கியைச் சாலையோரத்தில் குந்தியிருந்து சுற்றுவதில் அலுத்துப்போய், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும், பாட்டில் வடிவிலான இரண்டு டன் ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். அது வேலையை வெகுவாகக் குறைத்துவிடும் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறார்கள். இயற்பியலின் கணக்கில் அது பாதி உண்மைதான்.

சிறிய காரின் ஒரு மூலையைத் தூக்கும்போது ஜாக்கியின் மேல் சுமார் 300 கிலோ எடை இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விசை ஏறத்தாழ 3,000 நியூட்டன்; 10 செ.மீ. உயர்த்துவதற்கான வேலை 300 ஜூல். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் மாடிப்படியில் மூன்று படிகள் ஏறுவதும் கிட்டத்தட்ட இதே அளவு வேலைதான். எந்த ஜாக்கியை வைத்தாலும் காருக்குப் போய்ச்சேர வேண்டிய இந்த 300 ஜூலில் ஒன்றுகூடக் குறையாது. கருவி குறைப்பது கை கொடுக்க வேண்டிய விசையை. அதற்கு ஈடாகக் கை நகர வேண்டிய தூரம் கூடிவிடுகிறது.

இரண்டு ஜாக்கிகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு, உராய்வில் வீணாகும் பங்கில்தான் இருக்கிறது. திருகு ஜாக்கியில் நாம் செலவிடும் ஆற்றலில் பாதிக்கு மேல் மரைகளின் உராய்வில் வெப்பமாகிப் போவதால், 300 ஜூலுக்கு 600 ஜூலுக்கும் அதிகமாக உழைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் கைப்பிடியை விட்ட பிறகும் காரின் எடை திருகைப் பின்னோக்கிச் சுற்றிவிடாமல் பிடித்துக்கொள்வதும் அதே உராய்வுதான் என்பதால், அதை வெறும் நட்டமாகக் கருத முடியாது. ஹைட்ராலிக்கில் இழப்பு குறைவு. தாங்கும் பொறுப்போ ஒரு சிறிய வால்வுக்கும் ரப்பர் சீலுக்கும் போய்விடுகிறது. சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் தண்டு மெல்லமெல்ல இறங்கும். எந்த ஜாக்கியானாலும், தனியாக ஸ்டாண்டு கொடுக்காமல் காருக்கு அடியில் போகவே கூடாது.

பயன்படுத்துவதற்கு இது சுகமாகத்தான் இருக்கிறது. கைப்பிடி ஒரு நெம்புகோல். அது அழுத்தும் சிறிய பிஸ்டனைவிட, காரைத் தூக்கும் பெரிய பிஸ்டனின் குறுக்குப்பரப்பு நான்கு மடங்கு என்றால், விசையும் நான்கு மடங்காகும், ஏற்றம் நான்கில் ஒரு பங்காகும். ஆகவே ஒவ்வொரு அழுத்தலுக்கும் கார் சொற்பமாகவே உயர்கிறது, ஆனால் தொடக்கம் முதல் இறுதிவரை கைப்பிடி ஒரே சீராக இயங்குகிறது. காரோடு வந்த கத்தரி வடிவத் திருகு ஜாக்கி அப்படியல்ல. எடை ஒன்றாகவே இருந்தாலும், அது மடங்கியிருக்கும்போது ஒரு சுற்றுக்கு அதிகம் உயர்வதால் சுற்றுவது கடினம். நிமிர நிமிர ஏற்றம் குறைந்து கை இலகுவாகிறது. இறக்கும்போது ஹைட்ராலிக்கில் கவனம் தேவை. கைப்பிடியின் நுனியிலுள்ள பள்ளத்தை வால்வில் பொருத்தி நூல் நூலாகத் திருக வேண்டும். சற்றுக் கூடுதலாகத் திறந்துவிட்டால் கார் தொப்பென்று இறங்கும்.

எனக்கு வந்த ஜாக்கியின் குறை அதன் உயரம். முழுக்க இறக்கிய நிலையிலும் அது ஒரு சாண் அளவுக்கு நிற்பதால், டயர் முழுவதும் காற்றிறங்கித் தாழ்ந்திருக்கும் சிறிய காரின் அடியில் நுழைவதில்லை. பஞ்சரான நேரத்துக்கென்று வாங்கிய பொருள் அந்த நேரத்தில் உள்ளே போகாதது வேடிக்கைதான். விற்பனைப் பக்கத்தில் அதிகபட்ச உயரத்தைப் பெரிய எழுத்தில் போட்டவர்கள், குறைந்தபட்ச உயரத்தைப் படங்களுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தார்கள். படுக்கவைத்துப் பயன்படுத்தவும் முடியாது. நேராக நிறுத்தினால்தான் பம்பு எண்ணெயை இழுக்கும்.

உயரமான வேன், ஜீப் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். சிறிய கார் வைத்திருப்பவர்கள் அந்தப் பணத்தில் ஒரு பங்கை நீளமான வீல் ஸ்பேனருக்குச் செலவிடுவது நல்லது. ஸ்டெப்னி மாற்றுவதில் நம்மைத் திணறவைப்பது பெரும்பாலும் தூக்குவதல்ல, நட்டைத் தளர்த்துவதே. 100 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தில் இறுக்கிய நட்டுக்கு 25 செ.மீ. ஸ்பேனரில் சுமார் 40 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும்; அரை மீட்டர் ஸ்பேனரில் 20 கிலோ போதும், துருப்பிடித்திருந்தால் இரண்டிலும் இதைவிடக் கூடும். டயர் தரையில் ஊன்றி நிற்கும்போதே, அதாவது ஜாக்கியை வைப்பதற்கு முன்பே, நட்டுகளைத் தளர்த்திக்கொள்ள வேண்டும்.