ஒரு கையெழுத்துக்காக வாயைத் திறந்துகொண்டு

இங்கிலாந்தில், லெஸ்டரில் எங்கள் பல் டாக்டர் என்ஹெச்எஸ் (அங்கத்திய அரசு மருத்துவச் சேவை) வேண்டாமென்று தனியாருக்குப் போன பிறகு, பல் வேலையெல்லாம் ஊருக்கு வரும்போதுதான் எனக்கு. இந்த முறை ஈறில் ரத்தம். தெருமுனை க்ளினிக் போதும் என்றேன். தங்கைதான் பைபாஸ் பக்கம் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரிக்கு இழுத்துப்போனாள். "பசங்கதான் பார்ப்பாங்க, பாடம் நடத்துற மேடம் செக் பண்ணுவாங்க, பயப்படாதே."

ஓபி சீட்டு, எக்ஸ்ரே, டோக்கன் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. பெரியோ என்கிற ஈறு சிகிச்சைப் பிரிவில் எனக்கு வாய்த்தவன் கடைசி வருஷப் பையன். ஆன்ட்டி என்றான். (லெஸ்டர் ஆஸ்பத்திரியில் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அதுவும் பிடிக்காது, இதுவும் பிடிக்கவில்லை.) சர்க்கரை உண்டா என்று கேட்டு, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) எவ்வளவு என்பது வரை விடவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு கெடும், ஈறு கெட்டிருந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கஷ்டம் என்று பாடம் ஒப்பிக்கிற வேகத்தில் சொன்னான்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. கேஸ் ஷீட்டில் மேடம் சைன் போட்டால்தான் வாயில் கை வைக்கலாம். மேடம் பிஜி (மேல்படிப்பு) மாணவர்களின் செமினாரில். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடந்தேன். சைன் வந்தது. இனி பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்கின் ஆழத்தை அளந்து எழுத வேண்டும், அதற்கொரு சைன். பல்லில் படிந்து இறுகிய காரையைச் சுரண்டி எடுத்தபின் இன்னொன்று. ரேஷன் கடையில்கூட ஒரு முறை கைரேகை வைத்தால் போதுமே!

ஆனால் அந்த அளவெடுப்பு இருக்கிறதே, அதை நான் இங்கிலாந்தில் கண்டதில்லை. அங்கே முதல் சோதனையில் வாயை ஆறு பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு எண். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். மோசமாக இருந்தால்தான் முழு அளவு. இங்கே ஒரு பல்லுக்கு ஆறு இடம். என் இருபத்தெட்டுப் பல்லுக்கும் சேர்த்து 168 எண்கள். பையன் "த்ரீ, டூ, த்ரீ" என்று சொல்லச் சொல்ல, கூடப் படிக்கும் பெண் எழுதினாள். மேல் கடைவாயில் "ஃபைவ்" என்றான். வந்து நின்ற மேடம் அதே இடத்தில் அளந்து "சிக்ஸ்" என்றார்.

அளவெடுத்த கம்பியை என்னிடமே காட்டினார். வில்லியம்ஸ் ப்ரோப் என்று பெயராம். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து மில்லிமீட்டருக்குக் கோடுகள். நாலுக்கும் ஆறுக்கும் கோடு கிடையாது, படிக்கக் குழம்பக் கூடாதென்று இடம் விட்டிருக்கிறார்கள். ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே கண்தான் கணக்குப் போட வேண்டும். மூன்று வரை ஆரோக்கியம், ஆறு என்றால் ஈறு பல்லை விட்டு விலகி ஆழமான பையாகிவிட்டது என்று அர்த்தம். "ஃபிங்கர் ரெஸ்ட் எங்க?" என்று ஒரு அதட்டல். பையன் மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றினான். கை நடுக்கம் நின்றது. அந்த வரிசை முழுக்கத் திரும்ப அளக்கச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு எரிச்சல், அவனுக்கு வியர்வை.

அரை நாள் போயிற்று. கட்டணம் நூறு ரூபாய்கூட இல்லை. இங்கிலாந்தில் 2025 ஏப்ரலில், ஈறு சிகிச்சை அடங்கும் இரண்டாம் கட்டணப் பிரிவுக்கு 75.30 பவுண்டு என்று ஆக்கியிருந்தார்கள், அதுவும் என்ஹெச்எஸ் டாக்டர் கிடைத்தால். அங்கே இந்த வேலையைப் பெரும்பாலும் ஹைஜீனிஸ்ட் (பல் சுத்தம் செய்யவே பயிற்சி பெற்றவர்) செய்வார், சுத்தமாகவே செய்வார். ஆனால் அவர் எடுத்த அளவை இன்னொருவர் வந்து சரிபார்த்து நான் பார்த்ததில்லை.

பாவம், என்னால் பையனுக்குத்தான் நஷ்டம். ஆறு வாரம் கழித்து வரச் சொன்னான்; ஈறு ஆறிய பிறகு அதே இடங்களை மறுபடி அளந்தால்தான் கேஸ் முடிந்த கணக்கு. நான் அதற்குள் ஃப்ளைட் ஏறிவிடுவேன் என்றதும் முகம் தொங்கிவிட்டது. "வீட்ல வேற யாருக்காவது காரை இருக்கா ஆன்ட்டி?" என்றான். இத்தனை கேஸ் முடிக்க வேண்டும் என்கிற கோட்டாவுக்கு ஆள் தேடுவது இவர்கள் தலையில்தான்.

வெற்றிலைப் பெரியப்பா ஞாபகத்துக்கு வந்தார். போன் போட்டுப் பையனிடம் கொடுத்தேன். "சுத்தம் பண்ணா பல்லு ஆடும்" என்பது அவர் கட்சி. காரை அடைத்திருந்த சந்து திறப்பதால் அப்படித் தோன்றுகிறது, எலும்பு கரைந்தது முன்னாடியே என்று பையன் போனிலேயே விளக்கினான். பெரியப்பா கேட்டது ஒன்றுதான்: "சாயங்காலம் வெத்தலை போடலாமா?"

வந்துவிட்டால் போதுமென்று அதற்கும் சரி என்றிருப்பான். மேடம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.